புது ரிவார்டு கார்டு: இப்போதே விண்ணப்பிக்கலாமா, பொறுக்கலாமா?

செலவுக்கு ஏற்பப் பாயின்ட் தரும் ரிவார்டு கிரெடிட் கார்டுகளைப் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, 'எந்த கார்டு நல்லது?' என்பதுதான். அதற்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் வங்கி சலுகையை மாற்றிவிடும். அதனால் 'எப்போது வாங்குவது?' என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நான்கு மாதத்தில் வீட்டுக் கடன் வாங்கப் போகிறேன். இப்போது ஒரு கார்டுக்குப் பெரிய வெல்கம் போனஸ் (புதிதாகச் சேருபவருக்கான பரிசு) தருகிறார்கள். அதற்குள் வாங்கிவிடலாமா?

வேண்டாம். விண்ணப்பித்ததும் வங்கி உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பார்க்கும், பார்த்தது அதில் பதிவாகும். இதனால் மட்டும் உங்கள் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுவீர்களா என்பதற்கான மதிப்பெண், சரிந்துவிடாது. அமெரிக்காவின் ஃபைகோ ஸ்கோரில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு விண்ணப்பத்தால் ஐந்து புள்ளிக்கும் குறைவாகத்தான் குறைகிறது. அந்தப் பதிவு 2 ஆண்டு இருந்தாலும், ஸ்கோர் கணக்கில் 12 மாதம்தான் சேரும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புதுக் கணக்கு சேர்ந்ததும் உங்கள் கணக்குகளின் சராசரி வயது குறைகிறது, ஸ்கோருக்கு அது நல்லதல்ல. வீட்டுக் கடனைப் பரிசீலிப்பவர், 'இந்த நேரத்தில் எதற்கு இன்னொரு கடன் கணக்கு?' என்று யோசிப்பார். ஆஸ்திரேலியாவில் கார்டில் ஒரு காசு பாக்கி இல்லாவிட்டாலும் அதன் லிமிட்டையும் கடன் சுமையில் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். இதனால் வட்டி 8.5 சதவீதத்திலிருந்து 8.75 ஆனது என்று வையுங்கள். 20 ஆண்டுக் கடனில் கூடுதலாகப் போவது மட்டும் வாங்கிய தொகையில் கிட்டத்தட்ட 4 சதவீதம். எந்த வெல்கம் போனஸும் அதை ஈடுகட்டாது.

கடன் அனுமதிக் கடிதம் வந்த அன்றே கார்டுக்கு விண்ணப்பிக்கிறவர்களும் உண்டு. அதுவும் அவசரம்தான். பணம் தருவதற்கு முன் அறிக்கையை இன்னொரு முறை எடுத்துப் பார்க்கும் வங்கிகள் இருக்கின்றன. கடன் தொகை கைக்கு வந்த பிறகு கார்டைப் பற்றி யோசியுங்கள்.

மூன்று மாதத்தில் குடும்பத்தோடு வெளிநாடு போகிறோம். டிக்கெட், ஹோட்டல் எல்லாம் இனிமேல்தான். கார்டு வாங்க இது சரியான நேரமா?

சரியான நேரம் இதுதான். எப்படியும் செய்யப்போகிற பெரிய செலவு முன்னால் நிற்கும்போதுதான் புது கார்டுக்குப் போக வேண்டும். வெல்கம் போனஸுக்கு, 'இத்தனை நாளுக்குள் இவ்வளவு செலவு செய்ய வேண்டும்' என்று ஓர் இலக்கு வைத்திருப்பார்கள். அதை எட்டுவதற்காகத் தேவையில்லாத பொருளை வாங்கினால், போனஸை நீங்களே காசு கொடுத்து வாங்கியதாகிவிடும்.

நாள் கணக்கில் மட்டும் கவனம் வேண்டும். பல கார்டுகளில் கெடு தொடங்குவது கார்டு உங்கள் கைக்கு வந்த நாளில் அல்ல, விண்ணப்பம் அனுமதிக்கப்பட்ட நாளில். தபாலில் பத்து நாள் போனால் அது உங்கள் நஷ்டம். டிக்கெட் எடுப்பதற்கு மூன்று, நான்கு வாரம் முன்னால் விண்ணப்பித்தால் போதும். அதற்கும் முன்னால் வாங்கி வைத்தால் கெடு வீணாக ஓடும்.

அப்புறம், இன்னும் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். பயணக் காப்பீடு தரும் கார்டுகளில் பல, டிக்கெட்டையும் அதே கார்டில் எடுத்திருந்தால்தான் காப்பீடு தரும். பழைய கார்டில் டிக்கெட் எடுத்துவிட்டுப் புது கார்டு வாங்கிப் பயனில்லை. வெளிநாட்டுப் பணத்தில் செலவழித்தால் பல கார்டுகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை கட்டணம் பிடிக்கும். நூற்றுக்கு ஒன்று என்று கிடைக்கும் ரிவார்டு பாயின்ட் அதிலேயே கரைந்துவிடும். கடைசியாக, முதலில் தரும் லிமிட் உங்கள் டிக்கெட் செலவுக்கே போதாமல் போகலாம். அதையே நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

இலக்கில் எந்தச் செலவு சேராது என்பதையும் படித்துவிடுங்கள். ஏடிஎம்மில் எடுக்கும் பணம் சேராது. வாலட்டில் ஏற்றுவது, வாடகை, கிஃப்ட் கார்டு எல்லாம் பல இடங்களில் சேராது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது போனஸ். இந்தப் பட்டியல் எங்கே இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

போன வாரம் ஒரு வங்கி என் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டது. இன்னொரு வங்கியில் உடனே முயலலாமா?

உடனே வேண்டாம். அடுத்தடுத்து விண்ணப்பிப்பது, பணத்துக்குத் திண்டாடுகிறவர் என்ற தோற்றத்தைத் தரும். முதலில் காரணத்தைக் கேளுங்கள். அமெரிக்கா, இந்தியா இரண்டிலும் நிராகரித்த காரணத்தைச் சொல்ல வங்கிக்குக் கடமை உண்டு. பிறகு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இந்தியாவில் கடன் அறிக்கை தயாரிக்கும் சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அடைத்து முடித்த கடன் இன்னும் பாக்கி என்று நிற்பது அதில் அடிக்கடி பார்க்கிற தவறு. திருத்தம் கேளுங்கள், சரியானதும் போங்கள். தவறு எதுவும் இல்லையென்றால் ஆறு மாதம் பொறுப்பது நல்லது.

மாதாமாதம் மினிமம் டியூ (பில்லில் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டிவருகிறேன். நல்ல ரிவார்டு கார்டாக வாங்கினால் கொஞ்சமாவது ஈடாகுமா?

ஆகாது. பாயின்ட் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ. பாக்கிக்கு மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி பிடிக்கும் கார்டுகள் உண்டு. பாக்கி இருக்கும்வரை வட்டியில்லாக் காலமும் பொதுவாகக் கிடைக்காது, புதிதாக வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பாக்கியை முழுதாக அடைத்துவிடுங்கள், அதன் பிறகு தொடர்ந்து சில மாதம் முழு பில்லையும் கட்டுங்கள். அதன் பின் இதே கேள்வியை அனுப்புங்கள்.

புது கார்டு வந்ததும் பழையதை மூடிவிடலாமா? அல்லது பழையதையே அப்கிரேடு செய்வது மேலா?

பழைய கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லையென்றால் மூடாதீர்கள். இரண்டு கார்டிலும் லிமிட் தலா ஒரு லட்சம், மாதச் செலவு 40,000 என்றால், மொத்த லிமிட்டில் நீங்கள் பயன்படுத்துவது 20 சதவீதம். ஒன்றை மூடினால் அதே செலவு 40 சதவீதமாகிவிடும். 30-க்குள் வைத்திருங்கள் என்பார்கள். குறைய இருந்தால் இன்னும் நல்லது. ஃபைகோ கணக்கில் கட்ட வேண்டிய தொகைகளுக்கு மட்டும் 30 சதவீத எடை உண்டு, புதுக் கணக்குகளுக்கு 10 சதவீதம்தான். கட்டணம் இருக்கிறதா? கட்டணமில்லாத வகைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

அப்கிரேடில் கணக்கின் வயது அப்படியே தொடரும், அது லாபம். ஆனால் வெல்கம் போனஸ் பெரும்பாலும் கிடைக்காது. பெரிய செலவு எதுவும் வரப்போவதில்லை என்றால் அப்கிரேடு. வரப்போகிறது என்றால் புது விண்ணப்பம். இதில் வங்கிகளின் சொந்த விதிகளும் குறுக்கே வரும். அமெரிக்காவில் சேஸ் வங்கி, 24 மாதத்தில் ஐந்து கார்டு வாங்கியவருக்குப் பெரும்பாலும் புது கார்டு தருவதில்லை. அப்படியொரு வரம்பு வைத்திருக்கும் வங்கியில் சின்ன போனஸுக்காக அந்த வரம்பில் ஓர் இடத்தைச் செலவழிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

விண்ணப்பித்த மறுவாரமே போனஸைக் கூட்டிவிட்டார்கள். என்ன செய்வது?

வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு செய்தி அனுப்பிப் புது போனஸைக் கேளுங்கள். சில வங்கிகள் தரும். மறுத்தால் விட்டுவிடுங்கள். கார்டை மூடிவிட்டு மறுபடி விண்ணப்பிக்கும் யோசனை மட்டும் வேண்டாம்: ஏற்கெனவே அந்த கார்டு வைத்திருந்தவருக்கு வெல்கம் போனஸ் இல்லை என்ற விதி பல இடங்களில் உண்டு.