கேள்வி – பதில்: டாங்கியா, ஏற்றுமதியா?

1949-இல் நேட்டோ உருவானபோது ஐரோப்பா நொறுங்கிக் கிடந்தது. படைக்குப் பணம் எங்கிருந்து வந்தது?
– ஈரோடு வாசகர்

முதல் ஓராண்டு பெரிதாக வரவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. போரில் நொறுங்கிய ஐரோப்பாவை மீட்க அமெரிக்கா தந்த ஏறத்தாழ 1,300 கோடி டாலர் மார்ஷல் உதவி நிலக்கரிக்கும் தானியத்துக்கும் இயந்திரங்களுக்கும் போனது. 1949 அக்டோபரில் அமெரிக்கா இயற்றிய ராணுவ உதவிச் சட்டமே, பொருளாதார மீட்சிக்குத்தான் முன்னுரிமை என்றது. 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டதும் எல்லாம் தலைகீழ். 1951 முடிவில் மார்ஷல் நிர்வாகத்தையே மூடிவிட்டு, உதவியைப் பாதுகாப்போடு முடிச்சுப் போட்டார்கள்.

பிரிட்டனில் மூக்குக்கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கட்டணம் வைத்ததற்காக அமைச்சர்கள் ராஜினாமா செய்தார்களாமே? அவ்வளவு பெரிய தொகையா?
– திருநெல்வேலி வாசகி

முதல் ஆண்டுக்கு வெறும் 1.3 கோடி பவுண்டு. ராணுவத் திட்டமோ மூன்றாண்டுக்கு 470 கோடி. 1950 ஆகஸ்டில் 340 கோடியாக இருந்ததை, 1951 ஜனவரியில் பிரதமர் அட்லி அந்த அளவுக்கு ஏற்றினார். ஏப்ரல் பட்ஜெட்டில் நிதியமைச்சர் கெயிட்ஸ்கெல், அரசு மருத்துவத் திட்டத்தில் இலவசமாகக் கிடைத்த கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் பாதி விலையை நோயாளியே தரட்டும் என்றார். தொழிலாளர் அமைச்சர் அனூரின் பெவன், ஹெரால்டு வில்சன், ஜான் ஃப்ரீமன் மூவரும் விலகினார்கள்.

பல்செட் கதை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பெவனின் இன்னொரு வாதத்தைப் பலரும் மறந்துவிட்டார்கள். 470 கோடி கையில் இருந்தாலும் செலவழிக்க முடியாது என்றார் அவர். கடைசல் இயந்திரங்கள் போதவில்லை; கந்தகம், துத்தநாகம், செம்பு எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. எல்லா நாடும் ஒரே நேரத்தில் வாங்கக் கிளம்பியதால் விலை எகிறியது. (மலேயா ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழர்கள் நேரில் கண்ட விலையேற்றம் அது, ஏறிய வேகத்திலேயே இறங்கவும் செய்தது.)

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. டாங்கி செய்ய வேண்டிய பொறியியல் ஆலைகள்தான், கார்களையும் இயந்திரங்களையும் ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டியவை. அவற்றைப் படைக்குத் திருப்பினால் ஏற்றுமதி குறையும். அதே நேரம் மூலப்பொருள் இறக்குமதிச் செலவு கூடும். 1950-இல் உபரியில் இருந்த பிரிட்டனின் அந்நியச் செலுத்துநிலை (வெளிநாட்டு வரவு-செலவுக் கணக்கு) 1951-இல் பெரும் பற்றாக்குறைக்குச் சரிந்தது. அடுத்து வந்த சர்ச்சில் அரசு திட்டத்தை இழுத்து நீட்டியது. கணக்கில் பெவன்தான் சரி.

யார் எவ்வளவு படை தருவது என்று எப்படிப் பிரித்தார்கள்?
– யாழ்ப்பாணம் வாசகர்

1951 செப்டம்பரில் ஒட்டாவாவில் நேட்டோ நாடுகள் ஒரு குழு அமைத்தன: அமெரிக்காவின் ஹாரிமன், பிரான்சின் மொனே, பிரிட்டனின் பிளவ்டன். ஒரே மாதிரி வினாப்படிவம் எல்லா நாடுகளுக்கும் போனது. தேசிய வருமானம், பட்ஜெட், அந்நியச் செலுத்துநிலை, படைத் திட்டம் எல்லாவற்றையும் நிரப்பி அனுப்ப வேண்டும். பிறகு குறுக்குக் கேள்வி. இதுவே பின்னால் ஆண்டுதோறும் நடக்கும் ஆய்வானது: வரும் ஆண்டு இலக்கு உறுதி, அடுத்தது தற்காலிகம், மூன்றாவது உத்தேசம்.

ஆனாலும் 1952 பிப்ரவரியில் லிஸ்பனில், 1954-க்குள் 96 டிவிஷன் (பெரும் படைப்பிரிவு) என்று எழுதிவிட்டார்கள். அது நடக்கவே இல்லை. 1954 டிசம்பரில் அணு ஆயுதத்தை நம்பிப் போர்த்திட்டம் வகுத்ததும் அந்த எண்ணிக்கை கைவிடப்பட்டது. ஆள் திரட்டுவதைவிட அது மலிவு என்பதும் ஒரு காரணம்.

உருப்படியாக வேலை செய்தது வெளிநாட்டுக் கொள்முதல் முறை. பிரிட்டனில் செய்த செஞ்சூரியன் டாங்கிக்கு அமெரிக்கா டாலரில் பணம் கட்டும்; டாங்கி நெதர்லாந்துக்கோ டென்மார்க்குக்கோ போகும். பெற்றவருக்கு ஆயுதம், விற்றவருக்கு டாலர், ஆலைக்கு வேலை.

மேற்கு ஜெர்மனி மட்டும் எப்படித் தப்பித்தது?
– கோலாலம்பூர் வாசகர்

1955 வரை அதற்குப் படையே கிடையாது. ஆக்கிரமிப்புப் படைகளின் செலவைச் சுமந்தது உண்மை. ஆனால் ஆலைகள் ஏற்றுமதிக்கே உழைத்தன. நேட்டோவில் சேர்ந்த பிறகும் படைக்கு ஆள் எடுப்பது மெதுவாகவே நடந்தது. நிதியமைச்சர் ஷெஃபர் படைக்காக ஒதுக்கிய பணம் செலவாகாமல் ஏறத்தாழ 700 கோடி மார்க் குவிந்தது. ஜெர்மன் பேரரசு தன் போர்த் தங்கத்தை வைத்திருந்த ஸ்பாண்டாவ் கோட்டைக் கோபுரத்தின் பெயரால் அதை ‘ஜூலியஸ் கோபுரம்’ என்று கேலி செய்தார்கள். 1957 தேர்தல் நெருங்கியபோது கட்சிகளின் கண் அதன்மேல்தான் விழுந்தது.