மறு: அம்மாவின் ரிப்போர்ட்டில் 'பிடென் இழப்பு', எனக்கும் வருமா?

அம்மாவின் கருப்பை பயாப்சியில் 'பிடென் இழப்பு' என்று இருப்பதால் உங்களுக்கும் வருமோ என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வகைக் கருப்பைப் புற்றில் அது ரொம்ப சகஜம், பெரும்பாலும் கட்டியின் செல்களில் மட்டும் நேர்ந்த கோளாறு.

பிடென் ஒரு நொதி. செல் சவ்வில் பிப்3 என்ற கொழுப்பிலிருந்து ஒரே ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி பிப்2 ஆக்கும், அது போய்விட்டால் பிப்3 குவிந்து ஏகேடி என்ற புரதம் 'வளர், சாகாதே' என்று செல்லை ஓயாமல் உசுப்பிவிடும்.

பிடென் கோளாறு பரம்பரையாக வந்தால் அது கவ்டன் நோய்க்குறி, அபூர்வம். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்று, தைராய்டு புற்று? தலை வழக்கத்தைவிடப் பெரிதா (சும்மா கேட்கவில்லை, அதுவும் ஓர் அறிகுறி)? அப்படியென்றால் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் மரபியல் பிரிவுக்கு அம்மாவின் டாக்டரிடமே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். முதலில் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை, உங்களுக்கு அப்புறம்.