முத்தில் தோல் உரிகிறதா? துளையைப் பாருங்கள்

கேள்வி: ஒன்றரை வருடத்துக்கு முன் ஹைதராபாத்தில் ‘அசல்’ என்று சொல்லி விற்ற முத்துச்சரம் ஒன்றை வாங்கினேன். இப்போது நூல் நுழையும் இடத்தில் மெல்லிய தோல் உரிகிறது. பல்லில் உரசினால் வழவழவென்று இருக்கிறது. போலியா? நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசினால் சரியாகுமா?

பதில்: நெயில் பாலிஷ் வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் பழைய பூச்சை இளக்கிச் சுருங்க வைக்கும். காய்ந்தபின் சில மாதங்களில் மஞ்சளாகி அதுவும் வெடிக்கும். அதோடு, அடியில் இருப்பது என்ன என்று பார்க்கவும் முடியாமல் போகும்.

வழவழப்பை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்ட முடியாது. அசல் முத்தின் மேற்பரப்பு, அரகொனைட் என்னும் கால்சியம் கார்பனேட் தகடுகள் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. ஒரு தகட்டின் கனம் சுமார் அரை மைக்ரான். அந்த அடுக்குகளின் விளிம்புகள்தான் பல்லில் நறநறக்கும். மங்கலான அசல் முத்தைப் பளபளப்பாகக் காட்ட லாக்கர் என்னும் வார்னிஷோ சிலிக்கோனோ பூசியிருந்தால் விளிம்புகள் மூடிவிடும். அப்போது பல் சோதனை தவறான பதிலைத்தான் தரும்.

துளையில் அப்படி மறைக்க முடியாது. 10 மடங்கு லென்ஸும் நல்ல டார்ச் வெளிச்சமும் போதும். கொக்கிக்கு அருகிலுள்ள முத்தை முடிச்சிலிருந்து சற்று நகர்த்தித் துளையின் வாயைப் பாருங்கள். பெயிண்ட் தடித்து நின்றதுபோன்ற விளிம்பும், அடியில் கண்ணாடியின் மினுக்கமோ ஒரே சீரான வெள்ளை பிளாஸ்டிக்கோ தெரிந்தால் அது செயற்கை மணி. அடியில் சிப்பி ஓட்டில் கடைந்த மணி இருந்து, மேலே வெறும் பூச்சு மட்டும் இருந்தால் அதுவும் செயற்கைதான். ‘ஷெல் பேர்ல்’ என்ற பெயரில் விற்பார்கள், பெயரைக் கேட்டு ஏமாறக்கூடாது. நன்னீர் வளர்ப்பு முத்தில் பெரும்பாலானவை உள்ளே முழுக்க முத்துப் பொருளேயானவை. துளைக்குள் எல்லைக்கோடு தெரியாது. அகோயா போன்ற கடல் வளர்ப்பு முத்தில், வெளியே படிந்த முத்துப் படலத்துக்கும், வளர்க்க உள்ளே வைத்த சிப்பி ஓட்டு மணிக்கும் நடுவே மெல்லிய கருங்கோடு தெரியும். இந்த இரண்டில் ஒன்றின் துளையோரம் கண்ணாடித்தாள் போன்ற படலம் தூக்கிக்கொண்டிருந்தால், அது பூச்சு போட்ட அசல் முத்து. பூச்சுக்குள் சிக்கிய தூசியும் குமிழியும் லென்ஸில் தெரியும்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. படலம் மெல்லிய அகோயா முத்தில், அசல் படலமே துளையோரம் பெயர்ந்து வரும். இதைப் பிரித்தறிய, தானாக உதிர்ந்த துணுக்கு ஒன்றை எடுத்து ஊசியால் அழுத்துங்கள். பூச்சு வளையும், இழுபடும்; முத்துப் படலம் பட்டென்று நொறுங்கும். அதே துணுக்கின்மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டு லென்ஸில் பாருங்கள்: குமிழி வந்தால் கால்சியம் கார்பனேட், வராவிட்டால் பூச்சு. வினிகர் துணுக்குக்கு மட்டும்தான். முத்தின்மேல் பட்டால் அதையே அரித்துவிடும். புளியும் எலுமிச்சையும் அப்படியே.

செயற்கை மணியில் உரிந்த பூச்சை ஒட்டவைக்க வழியில்லை. உரிந்த மணிகளை மட்டும் மாற்றினால் நிறம் ஒத்துப்போகாது. எல்லாவற்றையும் மாற்றிக் கோர்ப்பதே நல்லது. படலம் பெயரும் அகோயா முத்துக்கும் மருந்து கிடையாது. தேய்த்து மெருகேற்றினால் இருக்கும் படலமும் தேயும், அதைச் செய்யவிடாதீர்கள்.

பூச்சு போட்ட அசல் முத்துக்குத்தான் உண்மையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பூச்சை எடுத்துவிடுவது. சரத்தைப் பிரித்து, ஒரே ஒரு முத்தில் தொடங்குங்கள். காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாமல், சுத்தமான அசிட்டோனில் பஞ்சுக்குச்சியை ஈரமாக்கித் துளையோரம் சில விநாடி தேய்க்க வேண்டும். பஞ்சில் நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள், சாயம் போகிறது. பிசுபிசுப்பு மட்டும் வந்தால் தொடரலாம். பிறகு தண்ணீரில் அலசி மென்மையான துணியில் துடைக்கவும். முத்தை அசிட்டோனில் ஊறப்போடக்கூடாது. முத்திலுள்ள கரிமப் பசை வறண்டுவிடும். வாசனையும் நிறமும் சேர்த்த நெயில் பாலிஷ் ரிமூவரும் ஆகாது. சிலிக்கோன் பூச்சு அசிட்டோனுக்கு அசையாமல் போகலாம். அப்போது சுரண்டாமல் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் காட்டுங்கள். பூச்சு போனதும் முத்து முன்பைவிட மங்கலாகத்தான் தெரியும். அதுதான் அதன் சொந்த ஒளி. அந்த முதல் முத்தின் நிறம் பிடித்தால் மட்டும் மற்றவற்றைத் தொடுங்கள்.

திரும்பக் கோர்க்கும்போது பட்டு நூலும், ஒவ்வொரு முத்துக்கும் நடுவே முடிச்சும் கேளுங்கள். முத்துகள் ஒன்றோடொன்று உரசித்தான் துளையோரம் முதலில் தேய்கிறது. அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வால் செய்யும்) சுத்தம், நீராவிச் சுத்தம் இரண்டும் வேண்டாம் என்று கடையில் சொல்லிவிடுங்கள். வீட்டில் பீரோவில் அந்துருண்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் ஆவி சில பூச்சுகளையும் பிளாஸ்டிக்கையும் இளக்கும்.

சரத்தைப் பிரிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. துளையோரத்தை நெருக்கமாகப் போட்டோ எடுத்து, பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘கல்ச்சர்டு’ (வளர்ப்பு முத்து) என்று எழுதியிருந்து உள்ளே கண்ணாடி இருந்தாலோ, பூச்சு இருப்பதைச் சொல்லாமல் விற்றிருந்தாலோ, முதலில் கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டு வரம்பு உண்டு. அதை வாங்கிய நாளிலிருந்து எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு; அப்படிப் பார்த்தால் உங்களுக்கு இன்னும் ஆறு மாதம்தான் இருக்கிறது.