தமிழும் தெலுங்கும் தட்டச்சு செய்ய எந்த விசைப்பலகை முறையைக் கற்கலாம்?

சித்தூரில் டிடிபி கடை தொடங்கப்போவதாகவும், இரு மொழியிலும் கல்யாணப் பத்திரிகை, மனு எல்லாம் அடிக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். என் பதில்: முதலில் இன்ஸ்கிரிப்ட்.

இந்திய எழுத்துகள் ஒலி முறையில் ஒத்துப்போவதால், 1980-களில் எல்லாவற்றுக்கும் பொதுவாக வகுத்த முறை இது. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ஆங்கில எழுத்து K, C, N, E உள்ள நான்கு விசைகளைத் தட்டுங்கள். தமிழில் 'கமலா' வரும். மொழியைத் தெலுங்குக்கு மாற்றி அதே நான்கைத் தட்டினால் தெலுங்கிலும் கமலாதான். மலையாளமும் அப்படியே. விரல் ஒருமுறை பழகினால் போதும்.

ஒரு குறை உண்டு, அது எனக்குப் பெரிய குறை. ன, ற, ள மூன்றுக்கும் ஷிப்ட் வேண்டும். 'ன' வராத தமிழ் வரி ஏது? நாள் முழுக்க அடித்தால் சுண்டுவிரல் வலிக்கிறது.

1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99-ல் இந்த மூன்றும் ஷிப்ட் இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. புள்ளியும் தானாக விழும்: அ, ம, ம, ஆ தட்டினால் 'அம்மா'. தமிழ் வேலை அதிகம் வந்தால் இதையும் கற்றுக்கொள்ளுங்கள். பழைய தட்டச்சு முறை அதில் தேர்வு எழுதியவர்களுக்கு மட்டும் போதும்.