‘பூஜ்ய நிலை’ நிகழ்வுக்கு எதற்கு அறிக்கை?

கேள்வி (செய்யூர் வாசகர்): அணுமின் நிலையத்தில் கோளாறு என்று செய்தி வந்தாலே, ‘இது பூஜ்ய நிலை நிகழ்வு, பாதிப்பு எதுவுமில்லை’ என்ற விளக்கமும் கூடவே வந்துவிடுகிறது. பாதிப்பே இல்லாத ஒன்றுக்கு அறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்புவது ஏன்? பெரிதாக நடந்ததைச் சிறிதாக்கிச் சொல்கிறார்களோ என்றுதான் எங்கள் ஊரில் பேசிக்கொள்கிறோம்.

பதில்: நீங்கள் குறிப்பிடும் எண், சர்வதேச அணுசக்தி முகமையும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த அணுசக்தி முகமையும் அணு நிகழ்வுகளின் கடுமையை அளக்க 1990 இல் கொண்டுவந்த அளவுகோலைச் சேர்ந்தது. அதில் 1 முதல் 3 வரை உள்ளவை நிகழ்வுகள். 4 முதல் 7 வரை உள்ளவை விபத்துகள். செர்னோபிலும் ஃபுகுஷிமாவும் 7. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சுமார் 10 மடங்கு கடுமையானது. இந்த ஏணியில் ஏறாதவற்றைத்தான் பூஜ்யம் என்கிறார்கள். ஆனால் நம் காதில் அந்தச் சொல் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்றுதான் விழுகிறது. அது பொருத்தமான சொல் அல்ல என்பது என் கருத்து.

உங்கள் ஊருக்கு அருகிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, கல்பாக்கத்தில் கடல்நீரை இறைக்கும் பம்ப் அறைக்குள் வெள்ளம் புகுந்தது. அப்போது இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. கதிரியக்கக் கசிவு ஏதும் இல்லை. எனவே அது பூஜ்ய நிலை என்றே வகைப்படுத்தப்பட்டது. விளைவை மட்டும் பார்த்தால் அது சரியான மதிப்பீடுதான். ஆயினும், கடலோர உலைகளை வெள்ளம் எப்படித் தாக்கும் என்பதைப் பேச, 2005 ஆகஸ்டில் கல்பாக்கத்திலேயே ஒரு சர்வதேசப் பயிலரங்கு கூட்டப்பட்டது. சுனாமி வெள்ளம் புகுந்து ஃபுகுஷிமா விபத்து நடந்தது அதற்கு ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கழித்து. ஆகவே, அளவுகோலின் எண் பொதுமக்களுக்கு ‘இன்று அஞ்ச வேண்டுமா’ என்று சொல்வதற்காக. அறிக்கையோ, அதே பழுது நாளை வேறோர் உலையில், வேறொரு சூழ்நிலையில் நேர்ந்தால் என்ன ஆகும் என்று பொறியாளர்கள் யோசிப்பதற்காக.

யோசிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லலாம். 1977 செப்டம்பர் 24 அன்று, ஒஹையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில், அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. உலையில் நீர் குறைந்துகொண்டிருக்க, மானியோ நீர் மிகுதியாக இருப்பதுபோல் காட்டியதால், ஊழியர்கள் அவசரக் குளிர்நீரைக் குறைத்துவிட்டார்கள். உலை அன்று 9 சதவீதத் திறனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சுமார் இருபது நிமிடத்தில் பழுதைக் கண்டுபிடித்து அந்தப் பாதையை அடைத்ததால் சேதமில்லை. அதே நிறுவனம் வடிவமைத்த த்ரீ மைல் ஐலண்ட் உலையில் இதே வால்வுக் கோளாறும் இதே தவறான கணிப்பும் 1979 மார்ச் 28 அன்று திரும்ப நேர்ந்தன. இம்முறை உலை 97 சதவீதத் திறனில் இருந்தது. பாதையை அடைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது. கட்டுப்பாட்டு அறையிலிருந்த விளக்கு, வால்வு மூடியிருக்கிறதா என்பதைக் காட்டவில்லை. மூடச் சொல்லி ஆணை போனதை மட்டுமே காட்டியது என்பதும் இதில் சேர்த்தி. வடிவமைத்த நிறுவனத்துக்குள்ளேயே முந்தைய ஆண்டு ஒரு பொறியாளர் இந்த ஆபத்தைக் குறிப்பெழுதி எச்சரித்திருந்தார். த்ரீ மைல் ஐலண்ட் ஊழியர்களிடம் அது போய்ச் சேரவில்லை.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): நிலையை யார் முடிவு செய்கிறார்கள்? நிலையத்தாரே தமக்கு மதிப்பெண் போட்டுக்கொள்கிறார்களா?

பதில்: நிலையம் தரும் நிகழ்வறிக்கையை இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஆராய்கிறது. ஒவ்வோர் ஆண்டும் வந்த முக்கிய நிகழ்வறிக்கைகளையும் அவற்றின் நிலைகளையும் தன் ஆண்டறிக்கையில் அது வெளியிடுகிறது. நிலை 2 அல்லது அதற்கு மேற்பட்டதாக இருந்தால் 24 மணி நேரத்துக்குள் சர்வதேச முகமைக்கும் தெரிவிப்பது அளவுகோலின் நடைமுறை. ஆனால் உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் ஐயம், வாரியம் அரசைச் சார்ந்து நிற்கிறதா என்பதானால், அதை எழுப்பியது நீங்கள் மட்டுமல்லர். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2012 ஆம் ஆண்டு அறிக்கையும் அதையே கண்டித்திருக்கிறது.

கேள்வி (திசையன்விளை வாசகர்): ஒரு நிலையத்திலிருந்து நிறைய நிகழ்வறிக்கைகள் வருகின்றன, இன்னொன்றிலிருந்து ஒன்றிரண்டுதான் வருகின்றன என்றால், முதலாவதுதான் ஆபத்தானது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. நிலையங்களையோ நாடுகளையோ ஒப்பிட இந்த எண்களைப் பயன்படுத்துவது பொருந்தாது என்று அளவுகோலின் கையேடே சொல்கிறது. சிறு பிசகையும் தயங்காமல் எழுதும் இடத்தில் கணக்கு கூடும். எழுதினால் தண்டனை என்று ஊழியர் அஞ்சும் இடத்தில் கணக்கு குறையும். எனக்குக் கவலை தருவது இரண்டாவதுதான்.

ஜப்பானில் ஷிகா நிலையத்தின் முதல் உலை 1999 ஜூன் 18 அன்று பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தபோது, அணுப்பிளவுத் தொடர்வினையை அடக்கி வைக்கும் 89 கட்டுப்பாட்டுத் தண்டுகளில் 3 தாமாகக் கீழிறங்கிவிட்டன. அந்த வகை உலையில் தண்டுகள் கீழிருந்து மேலே செருகப்படுவதால், இறங்கினால் அடக்கும் பிடி தளரும். நிறுத்தி வைத்திருந்த உலையில் சுமார் 15 நிமிடம் தொடர்வினை நடந்தது. பதிவேட்டில் அதை எழுதாமல் விட்டார்கள். வெளியே தெரிந்தது 2007 மார்ச்சில். ஆக, எட்டு ஆண்டுக் காலம் அந்த நிலையத்தின் கணக்கில் அது இல்லவே இல்லை. அதைத் தொடர்ந்து மற்ற நிறுவனங்களும் பழைய ஏடுகளைப் புரட்டியபோது, ஃபுகுஷிமா டாய்ச்சியின் மூன்றாம் உலையில் 1978 நவம்பரிலேயே 5 தண்டுகள் இவ்வாறு நழுவி, ஏழரை மணி நேரம் தொடர்வினை நடந்திருந்தது தெரியவந்தது. அதை அப்போதே எழுதியிருந்தால், ஷிகா ஊழியர்கள், தண்டுகளை நகர்த்தும் நீரழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுகளைத் திறந்து மூடும் வரிசையில் கூடுதல் கவனம் வைக்க 21 ஆண்டுகள் கிடைத்திருக்கும்.