பசென்ஜி கையேடு: முதலில் எந்தப் பக்கத்தைத் திறப்பது?

கேள்வி: பசென்ஜி இன நாய்க்குட்டி ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். என்னிடம் மூன்று கையேடுகள் இருக்கின்றன. முதலாவது, விற்பவர் இலவசமாகக் கொடுத்தது. இரண்டாவது, 1968-இல் அச்சான பழைய புத்தகம். மூன்றாவது, ஒரு கால்நடை மருத்துவர் பெயரில் வந்திருக்கிறது. பெட்டை ஆண்டுக்கு இரண்டு முறை ஈனும் என்கிறது முதல் புத்தகம். ஒரு முறைதான் என்கின்றன மற்ற இரண்டும். எதை நம்புவது?

பதில்: மூன்றையும் வரிவரியாக ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஒவ்வொன்றிலும் சிறுநீரக நோய் பற்றிய பக்கத்தை மட்டும் முதலில் திறந்து பாருங்கள். 'ஃபான்கோனி' என்ற சொல் அங்கே இருக்க வேண்டும். இன்றைக்கு பசென்ஜியைப் பற்றிப் புத்தகம் எழுதி, ஃபான்கோனியைப் பற்றி மூச்சுவிடாமல் இருப்பவர் அந்த நாயை வளர்த்தவரும் அல்ல, அதற்கு வைத்தியம் பார்த்தவரும் அல்ல.

ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்று கேட்பீர்கள். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது கூடவே இறங்கிவிடும் சர்க்கரை, உப்பு, அமினோ அமிலம் ஆகியவற்றை உடலுக்குள் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். ஃபான்கோனி வந்த நாயின் சிறுநீரகம் அவற்றை வெளியே விட்டுவிடும். பிறவியிலேயே வரும் குறைதான், ஆனால் பெரும்பாலும் நான்கு வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். அதற்குள் அந்த நாய் இரண்டு மூன்று ஈற்றுக் குட்டிகளுக்குத் தாயாகவோ தகப்பனாகவோ ஆகியிருக்கும்.

என்னிடம் வந்த ஆறு வயதுப் பசென்ஜி ஒன்றை மறக்க முடியவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்ப நிரப்பக் காலி செய்தது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இளைத்திருந்தது. சிறுநீரில் சர்க்கரை இருந்ததால், கையிலிருந்த கையேட்டைப் பார்த்து 'இது சர்க்கரை நோய்' என்று வீட்டார் முடிவு கட்டிவிட்டார்கள். இன்சுலின் ஊசிக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. சிறுநீரில் நனைத்த சோதனைப் பட்டை என் கண்ணெதிரே கரும்பழுப்பாக மாறியது. அதே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை இயல்பான அளவில்தான் இருந்தது. சிறுநீரில் சர்க்கரை, ரத்தத்தில் இல்லை: பசென்ஜியில் இந்த இரண்டும் சேர்ந்தால் ஃபான்கோனியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்த நாய்க்கு இன்சுலின் போட்டிருந்தால் ரத்தச் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கி உயிரே போயிருக்கும். ஊரார் சொல்லைக் கேட்டு அல்ல, ஒரு புத்தகத்தை நம்பி அந்த வீட்டார் அவ்வளவு தூரம் போயிருந்தார்கள்.

அதே பக்கம் புத்தகத்தின் உண்மையான வயதையும் காட்டிக்கொடுத்துவிடும். அட்டையில் உள்ள ஆண்டை நம்பாதீர்கள். பழைய சரக்குக்குப் புது அட்டை போட்டு 'திருத்திய பதிப்பு' என்று விற்பது சர்வசாதாரணம். 'இதற்கு மரபணுச் சோதனை கிடையாது' என்று எழுதியிருந்தால், உள்ளடக்கம் 2007-க்கு முந்தையது. 'சோதனை உண்டு, ஆனால் வாய்ப்பை மட்டுமே சொல்லும்' என்றிருந்தால் 2007-க்கும் 2011-க்கும் இடையில் எழுதியது. குறைபாடுள்ள மரபணுவையே நேரடியாகக் காட்டும் டி.என்.ஏ. சோதனை 2011-இல் வந்துவிட்டது. அதைச் சொல்லும் புத்தகம்தான் உங்களுக்கு வேண்டியது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது உங்கள் இரண்டாவது புத்தகம். பசென்ஜியில் இந்த நோயை மருத்துவ உலகம் முதன்முதலில் பதிவு செய்ததே 1976-இல்தான். 1968-இல் எழுதியவர் அதைச் சொல்லவில்லை என்றால் அது அவர் குற்றமல்ல. பழைய புத்தகம் என்றதும் தூக்கி எறிகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அது பெரிய இழப்பு. அந்தக் காலத்தில் இந்த இனத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதைத் தம் வீட்டுக் கூடத்தில் வளர்த்தவர்கள். கொங்கோக் காடுகளிலிருந்து வந்த நாய்கள் இங்கிலாந்தில் வேரூன்றியதே 1930-களின் பிற்பகுதியில்தான் என்பதால், அந்த எழுத்தாளர்கள் தொடக்கத் தலைமுறைகளைக் கண்ணால் பார்த்தவர்கள். நாயின் குணம், பூனையைப் போலத் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பழக்கம், குட்டிகளைப் பழக்கும் விதம் ஆகியவற்றை அவர்களிடம் கற்கலாம். நோய், மருந்து, தடுப்பூசி, தீவனம் ஆகிய நான்குக்கும் மட்டும் அந்தப் புத்தகத்தைத் தொடாதீர்கள். வரிப்புலி நிறத்தை அது ஏற்கவில்லை என்றாலும் பதற வேண்டாம். அமெரிக்க நாயினப் பதிவேட்டில் அந்த நிறம் சேர்ந்ததே 1990-இல்தான்.

இனி அந்த இலவசக் கையேடு. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இதில்தான். குட்டியோடு புத்தகம் கொடுக்கும் தரகர் அறிவைத் தானம் செய்யவில்லை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியை நீங்கள் கேட்காமல் இருப்பதற்கு விலை கொடுக்கிறார். இவற்றில் பல, ஒரே அச்சில் நூறு இனங்களுக்கு வார்த்தவை. நாயின் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். கண்டுபிடிப்பது எளிது. முடி பராமரிப்புப் பக்கத்தைப் பாருங்கள். 'தினமும் சீவிச் சிக்கெடுக்கவும்' என்று இருக்கிறதா? பசென்ஜியின் முடி உடலோடு ஒட்டிய குட்டை முடி, அதில் சிக்கு விழ வழியே இல்லை. படங்களையும் உற்றுப் பாருங்கள். நெற்றியில் மெல்லிய சுருக்கங்கள், இடுப்பின் ஒரு பக்கமாக இறுகச் சுருண்ட வால், வெள்ளைப் பாதங்கள் இருக்க வேண்டும். அடர்ந்த பஞ்சு முடியோடு நிற்பது பெரும்பாலும் ஜப்பானின் ஷிபா இனு. வாலும் காதும் ஓரளவு ஒத்திருப்பதால் அந்தப் படத்தைக் கூசாமல் போட்டுவிடுகிறார்கள். எடையையும் பாருங்கள்: கடுவன் பதினொரு கிலோ, பெட்டை பத்து கிலோ அளவில்தான் இருக்கும்.

ஆண்டுக்கு இரண்டு ஈற்று என்பதும் அதே அச்சிலிருந்து வந்ததுதான். மற்ற இனங்களுக்குப் பொதுவாகப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. பசென்ஜிப் பெட்டை ஆண்டுக்கு ஒரு முறை, பகல் பொழுது சுருங்கும் பருவத்தில் சூட்டுக்கு வரும். வெளிச்ச நேரத்தை மாற்றி இதைச் சோதித்த ஆய்வு 1956-லேயே வந்துவிட்டது. 'குரைக்கவே குரைக்காது' என்பதும் முழு உண்மை அல்ல. தொடர்ந்து குரைக்காது, ஆனால் பாட்டும் அழுகையும் கலந்தாற்போல் ஊளையிடும், சில சமயம் ஒற்றைக் குரைப்பும் வரும். அமைதியான நாய் என்று வாங்கியவர்கள் பக்கத்து வீட்டாரிடம் திட்டு வாங்குகிறார்கள்.

வம்சாவளிச் சான்றிதழ் இருக்கிறதே என்று தரகர் சொல்வார். அது குட்டியின் பெற்றோர் யார் என்பதைத்தான் சொல்லும், அவை ஆரோக்கியமானவையா என்று சொல்லாது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் முடிந்துவிடும் ஃபான்கோனி டி.என்.ஏ. சோதனை. வந்து இத்தனை ஆண்டுகளாகியும் அதைக் கேட்காமலே காகிதத்தில் முத்திரை குத்தும் பதிவு அமைப்புகளை எண்ணினால் மனம் கொதிக்கிறது. சோதனை கட்டாயம் என்று இவர்கள் ஒரே வரியில் விதி எழுதியிருந்தால், நீங்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

மூன்றாவது புத்தகத்தை அட்டையில் உள்ள மருத்துவர் பெயருக்காக நம்ப வேண்டாம். எங்கள் படிப்பில் தனித்தனி இனங்களுக்கு ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு. ஃபான்கோனிப் பக்கத்தில் நேரடிச் சோதனையைப் பற்றி இருந்தால் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், தாய், தகப்பன் இரண்டின் ஃபான்கோனி டி.என்.ஏ. முடிவையும் எழுத்தில் கேளுங்கள். இரண்டில் ஒன்றாவது குறைபாடு அறவே இல்லாதது என்று வந்திருந்தால் குட்டிக்கு இந்த நோய் வராது. 'புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது' என்று பதில் வந்தால், முன்பணம் போனாலும் பரவாயில்லை, அந்தக் குட்டியை வாங்காதீர்கள்.