வாசகர் கேள்வி–பதில்: இணையத்தில் வாங்கிய சார்ஜர் அசலா, போலியா?

செல்பேசிக்கான துணைக்கருவிகளை இணையத்தில் வாங்கி ஏமாந்தவர்களிடமிருந்தும், வாங்கும் முன் தயங்குபவர்களிடமிருந்தும் இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருப்பதால், அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறோம். பெயர் கேள்விப்படாத நிறுவனத்தின் மலிவான கேபிளைப் போலி என்று சொல்ல முடியாது. அது தரம் குறைந்ததாக இருக்கலாம், நல்லதாகவும் இருக்கலாம். இன்னொரு நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் திருடிப் பொறித்துக்கொண்டு வருவதுதான் போலி. கடைக்காரர்கள் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று எவ்வளவு மரியாதையாக அழைத்தாலும் அது போலியே.

கேள்வி: பிரபல நிறுவனம் ஒன்றின் 33 வாட் சார்ஜர் அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் 1,299 ரூபாய். வேறொரு விற்பனைத் தளத்தில் அதே படத்துடன் 349 ரூபாய்க்குக் கிடைத்ததால் வாங்கிவிட்டேன். பெட்டியும் எழுத்துகளும் அசலைப் போலவே இருக்கின்றன. எப்படிக் கண்டறிவது? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: விலையே பாதி விடையைச் சொல்லிவிட்டது. பண்டிகைக் காலத் தள்ளுபடியில் அசல் சார்ஜரின் விலை இருபது, முப்பது சதவீதம் குறையலாமே தவிர, நான்கில் ஒரு பங்குக்கு இறங்குவதற்கு நியாயமான காரணம் அநேகமாக இருக்காது. பெட்டியில் எழுத்துப்பிழை தேடும் பழைய முறையை இனி பெரிதாக நம்ப வேண்டாம். பிழை இருந்தால் அது போலி என்று தயங்காமல் சொல்லலாம். பிழை இல்லாததால் அசல் என்று சொல்லிவிட முடியாது. அசல் பெட்டியைப் படியெடுத்து அச்சிடுவது இன்று யாருக்கும் சிரமமில்லை.

சார்ஜரின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்தோ, செல்பேசிக் கேமராவில் பெரிதாக்கியோ படியுங்கள். 2012-ஆம் ஆண்டு ஆணையில் தொடங்கிப் பின்னர் படிப்படியாக விரிவாக்கப்பட்ட கட்டாயப் பதிவுத் திட்டத்தின்படி, இந்தியாவில் விற்கப்படும் செல்பேசி சார்ஜர், பவர் பேங்க், லித்தியம் பேட்டரி போன்றவை இந்திய தர நிர்ணய அமைவனத்தில், அதாவது பி.ஐ.எஸ்.ஸில், பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற பொருளின் மீது அமைவனத்தின் முத்திரையும், ஐ.எஸ். என்று தொடங்கும் தர எண்ணும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தை அடுத்து எட்டு இலக்கங்கள் கொண்ட பதிவு எண்ணும் இருக்கும். ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற அரசு செயலியை இறக்கிக்கொண்டு, அதில் ஆர் எண்ணைச் சரிபார்க்கும் பகுதியில் இந்த எண்ணை உள்ளிடுங்கள்.

எண் இருக்கிறது என்று செயலி காட்டியதும் பலர் நிம்மதியாகி மூடிவிடுகிறார்கள். போலி தயாரிப்பவரும் ஏதோ ஓர் உண்மையான எண்ணைத்தானே அச்சிடுவார்! திரையில் வரும் விவரத்தை முழுவதும் படித்தால்தான் குட்டு வெளிப்படும். உங்கள் கையில் இருப்பது சார்ஜர். செயலியோ அந்த எண் எல்.இ.டி. விளக்குத் தொழிற்சாலை ஒன்றுக்கு வழங்கப்பட்டது என்று சொன்னால், மேற்கொண்டு எந்தச் சோதனையும் தேவையில்லை. தயாரிப்பாளரின் பெயர் நீங்கள் அறிந்த பிராண்டின் பெயராக இல்லையே என்று மட்டும் பதற வேண்டாம். பதிவு என்பது தொழிற்சாலையின் பெயரில் வழங்கப்படுவது; பெரிய பிராண்டுகள் பலவும் வேறு ஆலைகளில் செய்து வாங்குகின்றன. பிராண்ட், பொருள்வகை, பதிவு நடப்பில் உள்ளதா என்ற மூன்றும் பொருந்த வேண்டும். சார்ஜரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து மகிழ்பவர்களும் உண்டு. அது வேறு திட்டத்துக்கான முத்திரை என்பதால், இங்கே அது சந்தேகத்துக்கே இடம் தருகிறது. ‘சி.இ.’ என்ற குறி ஐரோப்பியச் சந்தைக்காகத் தயாரிப்பாளர் தாமே இட்டுக்கொள்வது. இந்தியாவில் அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

இவ்வளவு கவலை எதற்கு என்றால், சார்ஜருக்குள் 230 வோல்ட் மின்சாரம் ஓடும் பகுதிக்கும், உங்கள் கையிலுள்ள செல்பேசிக்குச் செல்லும் 5 வோல்ட் பகுதிக்கும் இடையே இருப்பது சில மில்லிமீட்டர் இடைவெளியும் காப்புப் பொருளும் மட்டுமே. போலியில் முதலில் மிச்சம் பிடிக்கப்படுவது இவ்விரண்டும்தான். யு.எல். என்ற அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனம் 2016-ல் 400 போலி ஐபோன் அடாப்டர்களைச் சோதித்தபோது, மூன்று மட்டுமே தேறின. பன்னிரண்டு அடாப்டர்கள் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னதிர்ச்சி தரக்கூடியவையாக இருந்தன. சார்ஜ் ஏறும்போது தொடுதிரை தன்னிச்சையாகத் துள்ளுவதும், சார்ஜரிலிருந்து ‘உய்ங்’ என்ற ஒலி வருவதும், கை வைக்க முடியாத சூடும் மோசமான சார்ஜரின் அறிகுறிகள். உலோக உடல் கொண்ட செல்பேசியில் மிக மெல்லிய கூச்சம் மட்டும் அசல் இருமுனைச் சார்ஜரிலும் சில வேளை உணரப்படுவதுண்டு. சுரீரென்று அடித்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: 512 ஜி.பி. மெமரி கார்டு ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கினேன். கணினி 512 ஜி.பி. என்றுதான் காட்டுகிறது. ஆனால் தங்கை திருமண வீடியோக்களில் பாதி திறக்கவே இல்லை. கார்டில் வைரஸ் இருக்குமா? (திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வைரஸ் இல்லை; கார்டே பொய் சொல்கிறது. ஒவ்வொரு மெமரி கார்டிலும், தகவலைச் சேமிக்கும் சிப்புடன் அதை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுச் சிப் ஒன்றும் இருக்கிறது. உன் கொள்ளளவு எவ்வளவு என்று கணினி கேட்டால் பதில் சொல்வது இந்தக் கட்டுப்பாட்டுச் சிப்தான். உள்ளே 32 ஜி.பி. மட்டும் இருக்கும் கார்டில், 512 என்று பதில் சொல்லும்படி அதன் நிரலை மாற்றிவிடுகிறார்கள். முதல் 32 ஜி.பி. வரை எல்லாம் ஒழுங்காகப் பதிவாகும். அதற்கு மேல் எழுதப்படுவது பழைய கோப்புகளின் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமல் மறைந்துபோகும். கோப்புகளின் பெயரும் அளவும் பட்டியலில் தெரிந்துகொண்டே இருப்பதால், திறந்து பார்க்கும் நாள்வரை நமக்கு விஷயம் தெரியாது. மேலெழுதப்பட்ட வீடியோக்களை மீட்கவே முடியாது என்பதை வருத்தத்துடன் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. கார்டில் இனி எதையும் எழுதாமல், திறக்கும் கோப்புகளை முதலில் வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் கணினியில் இருப்பது விண்டோஸ் என்றால், அது காட்டிய எண்ணே ஒரு துப்பு. தயாரிப்பாளர்கள் ஜி.பி.யை ஆயிரத்தின் மடங்காகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1,024-இன் மடங்காகக் கணக்கிடுகிறது. அதனால் அசல் 512 ஜி.பி. கார்டு விண்டோஸில் ஏறக்குறைய 476 என்றும், 128 ஜி.பி. கார்டு 119 என்றும்தான் தெரியும். குறைத்துக் காட்டுகிறதே என்று அசலைத் திருப்பி அனுப்பியவர்களும் இருக்கிறார்கள்!

புதிய கார்டு கைக்கு வந்ததும், எதையும் பதியும் முன், விண்டோஸில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, லினக்ஸிலும் மேக்கிலும் ‘எஃப்3’ என்ற இலவச நிரல்களில் ஒன்றைக் கொண்டு சோதியுங்கள். கார்டு முழுவதையும் தகவலால் நிரப்பி, பின்பு ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்துப் பார்ப்பதே இவற்றின் வேலை. வினாடிக்கு 30 மெகாபைட் வேகத்தில் எழுதினால் 512 ஜி.பி.யை நிரப்புவதற்கே நாலேமுக்கால் மணி நேரம் ஆகும் என்பதால், இரவில் ஓடவிட்டு உறங்கிவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுவது முக்கியம். ‘16 டி.பி. பென் டிரைவ் 799 ரூபாய்’ என்ற வகை விளம்பரங்களுக்கு இந்தச் சோதனைகூட வேண்டியதில்லை, கடந்து போய்விடுங்கள்.

கேள்வி: 50,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், உள்ளங்கை அளவு, 899 ரூபாய். வாங்கலாமா? (நாகர்கோவிலிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: வாங்க வேண்டாம். காரணத்தைத் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். பவர் பேங்கில் குறிப்பிடப்படும் அளவு 3.7 வோல்ட் லித்தியம் செல்லுக்கு உரியது. 50,000 எம்.ஏ.எச்., அதாவது மில்லி ஆம்பியர்-மணி, என்பது 50 ஆம்பியர்-மணி; அதை 3.7 ஆல் பெருக்கினால் கிடைப்பது 185 வாட்-மணி ஆற்றல். இன்று சந்தையிலுள்ள நல்ல லித்தியம் செல்கள் கிலோவுக்கு ஏறக்குறைய 250 வாட்-மணி அளவே தாங்கும் என்பதால், செல்கள் மட்டுமே முக்கால் கிலோவுக்கு அருகில் இருந்தாக வேண்டும். 250 கிராம் எடையுள்ள பெட்டிக்குள் அது எப்படி அடங்கும்? விற்பனைப் பக்கத்தில் எடை குறிப்பிடப்பட்டிருந்தால் வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். பொருள் வந்த பிறகு மளிகைக் கடைத் தராசே போதும், ஆனால் எடையை மட்டும் நம்பக் கூடாது. எடைக்காக மணலையும் இரும்புத் துண்டையும் அடைத்து விற்ற கதைகளும் உண்டு.

நேர்மையான தயாரிப்பாளர், 10,000 எம்.ஏ.எச். என்று பெரிதாக அச்சிட்டாலும், 5 வோல்ட்டில் உண்மையில் கிடைக்கும் அளவைச் சிறிய எழுத்தில் தனியாகக் குறிப்பிடுவார். அது 5,500 முதல் 6,500 வரை இருக்கும். அந்தச் சிறிய எண்ணைப் பார்த்து ஏமாற்று என்று எண்ண வேண்டாம். விமானத்தில் கைப்பையில் அனுமதியின்றி எடுத்துச் செல்லத்தக்க வரம்பு 100 வாட்-மணி என்பதையும், உங்கள் 50,000 உண்மையாகவே இருந்தால் அதைக் கொண்டு விமானம் ஏற முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறோம்.

கேள்வி: ஆப்பிள் நிறுவனத்தின் கம்பியில்லா இயர்பட்ஸான ஏர்பாட்ஸ் வாங்கினேன். வரிசை எண்ணை நிறுவனத்தின் தளத்தில் இட்டால் சரியாக வருகிறது, ஐபோனுக்கு அருகில் திறந்தால் படமும் தோன்றுகிறது. பிறகும் போலி என்கிறார் நண்பர். (கோயம்புத்தூர்)

பதில்: நண்பர் சொல்வது சரியாக இருக்கலாம். வரிசை எண் அசல் ஒன்றிலிருந்து படியெடுக்கப்பட்டதாக இருந்தால் நிறுவனத்தின் தளம் அதை ஏற்கத்தான் செய்யும். திரையில் தோன்றும் படத்தையும் போலிகள் வரவழைத்துவிடுகின்றன. ஐபோனின் இயங்குதளமான ஐ.ஓ.எஸ்.ஸின் 16-ஆம் பதிப்பு முதல், அசல் என்று உறுதி செய்ய முடியாத ஏர்பாட்ஸை இணைத்தால் ஐபோனே எச்சரிக்கை காட்டுகிறது. அதையும் கடந்துவிட்டால் நிறுவனத்தின் சேவை மையத்தில் காட்டுங்கள். பெட்டியிலுள்ள க்யூஆர் குறியீட்டை வருடிப் பார்த்து, ‘அசல்’ என்று ஒரு பக்கம் பச்சையாகத் திறந்ததும் நம்பிவிடாதீர்கள். முகவரிப் பட்டையில் இருப்பது உண்மையில் அந்நிறுவனத்தின் தளம்தானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்; போலிப் பெட்டியோடு போலித் தளமும் சேர்ந்தே வருகிறது.

கேள்வி: கேபிள்தானே, அதில் என்ன போலி, என்ன அசல் என்கிறான் மகன். (தஞ்சாவூர்)

பதில்: 2015-ல், கூகுளில் பணியாற்றிய பென்சன் லியுங் என்ற பொறியாளர், அமேசானில் விற்கப்பட்ட டைப்-சி கேபிள்களை வாங்கிச் சோதித்து, விதிக்குப் புறம்பானவற்றைப் பகிரங்கமாகச் சொல்லத் தொடங்கினார். 2016 பிப்ரவரியில் அவர் சோதித்த ஒரு கேபிளுக்குள், மின்சாரம் செல்லும் கம்பியும் தரைக்கம்பியும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன. செருகியதும் அவருடைய விலையுயர்ந்த மடிக்கணினி பழுதாயிற்று. அடுத்த மாதமே, விதிக்கு உட்படாத டைப்-சி கேபிள்களை விற்கக் கூடாது என்று அமேசான் அறிவித்தது. மகனிடம் இதைச் சொல்லுங்கள். 60 வாட்டுக்கு மேல் கடத்தும் டைப்-சி கேபிளின் முனையில் தன் திறனை அறிவிக்கும் சிறு சிப் ஒன்று இருந்தாக வேண்டும். ‘100 வாட்’ என்று உறையில் மட்டும் எழுதியிருக்கும் கேபிளில் அது இருக்காது, ஆகவே மடிக்கணினி மெதுவாகத்தான் சார்ஜ் ஏறும்.

கேள்வி: ஆயிரக்கணக்கானோர் 4.3 நட்சத்திரம் கொடுத்த பொருளுமா போலியாக இருக்கும்? (சேலம்)

பதில்: இருக்கும். நட்சத்திரங்கள் பொருளுக்குக் கிடைப்பவை. உங்களுக்கு அனுப்புபவர் விற்பனையாளர். ஒரே பக்கத்தில் பத்துப் பேர் விற்கலாம், அவர்களில் ஒருவர் மட்டும் போலியை அனுப்பலாம். எனவே ‘விற்பவர்’ என்ற இடத்தில் உள்ள பெயரைச் சொடுக்கி, முகவரியும், அவர் மீதான தனி மதிப்பீடும், வேறு என்னென்ன விற்கிறார் என்பதும் பாருங்கள். சார்ஜரும் சேலையும் சமையல் பாத்திரமும் ஒரே பெயரில் விற்கப்பட்டால் விலகிவிடுவது நல்லது. இயர்பட்ஸ் பக்கத்தின் பழைய விமர்சனங்களில் செல்பேசி உறையைப் பற்றிய பாராட்டு இருந்தால், வேறொரு பொருளின் பக்கத்தை மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று பொருள்.

கேள்வி: போலி என்று தெரிந்துவிட்டது. விற்பனையாளர் பதிலே தருவதில்லை. இனி என்ன செய்வது? (மதுரை)

பதில்: முதலில் சான்றுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ரசீது, விற்பனைப் பக்கத்தின் திரைப்பிடிப்பு, பொருளிலும் பெட்டியிலும் உள்ள எழுத்துகளின் படங்கள், பி.ஐ.எஸ். கேர் செயலி காட்டிய விவரம். விற்பனைப் பக்கம் ஒரே இரவில் காணாமற்போவது வழக்கம் என்பதால் அதை உடனே படம்பிடித்துவிடுங்கள். பிறகு விற்பனையாளரை விட்டுவிட்டு, விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகளின்படி, அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அவருடைய தொடர்பு விவரத்தைத் தளத்துக்குள்ளேயே தேடுங்கள். கூகுளில் ‘கஸ்டமர் கேர் எண்’ என்று தேடினால் மோசடிக்காரர்களின் எண்களும் கிடைக்கும். அப்படி யாரிடமாவது பணத்தை இழந்துவிட்டால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

தளமும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும், தாங்கள் வசிக்கும் மதுரையிலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாதவரை கட்டணமில்லை. இணையவழியாகவும் மனு அளிக்கலாம். 349 ரூபாய்க்கு யார் ஆணையம்வரை போவார்கள் என்று விற்பவர் போடும் கணக்கு பெரும்பாலும் பலித்துவிடுகிறது. பணம் திரும்பாவிட்டாலும், முத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியது பற்றிப் பி.ஐ.எஸ். கேர் செயலியிலேயே புகார் பதிவு செய்துவிடுங்கள். கிடங்குகளைச் சோதனையிட்டுச் சரக்கைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் அந்த அமைவனத்துக்கு உண்டு.

கேள்வி: போலிச் சார்ஜரை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கொடுத்துவிடலாமா? (சென்னை)

பதில்: கூடாது. கம்பியை வெட்டிவிட்டு மின்கழிவு சேகரிப்பிடத்தில் சேருங்கள். உப்பிய பவர் பேங்காக இருந்தால், அதைச் சார்ஜ் ஏற்றாமலும் துளையிடாமலும் தனியாக வைத்து அங்கேயே ஒப்படையுங்கள்.